கழற்றிய கண்ணாடிகளின் அலமாரி

“கழட்டுங்க.”

“கழட்டினா எனக்கு எதுவும் தெரியாதுங்க சார்.”

“உங்களுக்கு எதுக்கும்மா தெரியணும்? எங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

“ஒரு நிமிஷம்தானே?”

“நாப்பத்தேழாவது நிமிஷம்,” என்றார் நடுநாற்காலியில் இருந்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. “நீங்க உள்ள வந்து நாப்பத்தாறரை ஆகுது. அவசரப்படாதீங்க. ம்… இப்ப.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அதுவரை அந்த அறையில் ஒரு நீளமான மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஏழு ஆண்களும் எட்டாவதாக ஒரு காலி நாற்காலியும் இருந்தன. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க மூலையில் ஒரு நீல வாளி இருந்தது. கண்ணாடி இறங்கியதும் எல்லாம் கரைந்து ஒரே குழம்பலாகிவிட்டது. வாளி மட்டும் நீலமாக ஒரு பக்கம் மிதந்தது. சொட்டு விழும் சத்தம் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது.

யாரோ பக்கத்தில் வந்து, உறை போட்ட விரல்களால், அவள் கையிலிருந்த கண்ணாடியைப் பதமாக வாங்கிக்கொண்டார். துடைத்துத் தரப்போகிறார் என்று நினைத்து அவள் “தேங்க்ஸ்” என்றாள். காலடிச் சத்தம் கதவைத் தாண்டிப் போனது.

“எழுதிக்கங்க,” என்றது நடுநாற்காலி. அது வாரியத் தலைவரின் குரல். “கழற்றப்பட்டது. இப்ப எல்லாரும் பாருங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். பேச்சு நின்றுபோனதை வைத்து அவள் அதை ஊகித்துக்கொண்டாள். வாளியில் ஒன்பது சொட்டு விழுந்தது. எண்ணுவது அவளுக்குத் தொழில்.

“என்னங்க, ஒன்னும் ஆகலையே?” என்றது இடது பக்கத்துக் குரல் ஒன்று.

“பொறுங்க. சிலருக்கு லேட்டா ஆகும்.”

“லைட்டைக் குறைச்சுப் பாக்கலாமா?”

குறைத்தார்கள். ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே வைத்து, முடி பறக்கிறதா என்று பார்த்தார்கள். முடி வாய்க்குள் போனது, இருமினாள். யாரோ கைப்பேசியில் வயலின் இசை போட்டார்கள். நடுவில் வீட்டுக்கடன் விளம்பரம் வந்தது.

“மூக்குல ரெண்டு பள்ளம் இருக்கு தலைவரே.”

“என்ன பள்ளம்?”

“கண்ணாடி அழுத்தின பள்ளம். ரெண்டு பக்கமும் செவசெவன்னு.”

“படத்துல நாயகிக்கு இருக்கா?”

“இல்லையே. கழட்டினதும் மூக்கு வழவழன்னுதான் இருக்கு.”

“அப்ப எழுதுங்க. மூக்கு: மெய்ம்மைக் குறைவு.”

அவளுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. “சார், இந்தப் படத்துக்கு நான்தானே மூல மாதிரின்னு கூப்பிட்டீங்க? படம்தானே என்னை மாதிரி இருக்கணும்?”

“படம் ஏற்கெனவே எடுத்தாச்சும்மா,” என்றார் தலைவர், மிகுந்த கனிவோடு. “உங்களைத்தான் இன்னும் மாத்தலாம்.”

தானியக் கிடங்குகளுக்கான ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். மூட்டையில் வண்டு விழுந்தால், அது எந்த வண்டு என்று சொல்வது அவள் வேலை. கொம்பில் எத்தனை கணு, முதுகில் எத்தனை வரி, கழுத்தோரம் பல் உண்டா இல்லையா என்று லென்ஸுக்கு அடியில் வைத்து எண்ணிச் சொல்வாள். முழுத் தானியத்தைத் துளைக்கிற வண்டு என்றால் கிடங்கையே மூடிப் புகை போடுவார்கள். உடைசலில் மேய்கிற சாது வண்டு என்றால் சலித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். இரண்டும் பார்க்க அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். ஆபீஸில் அவளை வண்டு மேடம் என்பார்கள். கேலியாக ஆரம்பித்தது, நாளடைவில் மரியாதையாகி, இப்போது வெறும் பெயராக நின்றுவிட்டது.

இரண்டு கண்ணுக்கும் பவர் மைனஸ் பதினொன்று. கறுப்புச் சட்டம். இடது காதோரம் திருகாணி தளர்ந்து ஆடியதால் அங்கே அவளே கறுப்பு நூலைச் சுற்றி வைத்திருந்தாள். உபரியாக இருந்த இன்னொரு கண்ணாடியின் மேல் போன மாதம் தங்கை உட்கார்ந்துவிட்டாள். புதிதாகச் செய்ய மூன்று வாரம் ஆகும் என்று கண்ணாடிக்கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஆக, இப்போது யாரோ எடுத்துக்கொண்டுபோன அந்த ஒன்றுதான் அவளுக்கு உலகம். மறுநாள் காலை ஏழு கிடங்குகளிலிருந்து வண்டுகள் குப்பிகளில் வந்து அவள் மேசைமேல் காத்திருக்கும்.

வாரியத்தின் கதை இது. சினிமாவில் படித்த பெண்களை அசடுகளாகக் காட்டுகிறார்கள் என்று யாரோ ஒரு பள்ளி ஆசிரியை பத்திரிகைக்கு நாலு வரி எழுதிப்போட்டார். அதைப் படித்து மனம் நொந்த மேலிடம், படிப்பாளிப் பெண் பாத்திர மெய்ம்மை வாரியம் என்று ஒன்றை அமைத்தது. ஜனங்கள் சுருக்கமாகக் கண்ணாடி வாரியம் என்றார்கள். அதன் சான்றிதழ் இல்லாமல், படிப்பாளிப் பெண் வருகிற எந்தப் படமும் திரைக்கு வர முடியாது. வாரியம் ஒன்பது வருடம் உழைத்து, அதாவது படம் பார்த்து, ஒரு கையேடு வெளியிட்டது. படிப்பாளிப் பெண் கண்ணாடி அணிவாள். குறைந்தது ஐந்து புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பாள். நாயகன்மேல் மோதிப் புத்தகங்களைக் கீழே போடுவாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது, சொல்லிக்கொடுத்தால் வரும். நாற்பத்தேழாவது நிமிடத்தில் கண்ணாடி கழற்றப்படும். உடனே அவள் அழகியாவாள். கடைசிக் காட்சியில் நாயகன் அந்தக் கண்ணாடியைத் தன் கையாலேயே திரும்ப மாட்டிவிட்டு, “நீ இப்படியே இரு, எனக்குப் பிடிச்சிருக்கு” என்பான். இந்தக் கடைசி விதி முற்போக்கு உறுப்பினர் ஒருவர் ராஜினாமா செய்வதாக மிரட்டி வாங்கிக்கொடுத்தது.

எட்டாவது நாற்காலி ஒரு படிப்பாளிப் பெண்ணுக்காக ஒதுக்கப்பட்டது. வருடாவருடம் விளம்பரம் கொடுக்கிறார்கள். கண்ணாடி போடாமல் வந்தவர்களைப் படிப்பாளி அல்ல என்று கையேட்டின்படி நிராகரித்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவர்கள் நேர்காணலில் கேள்வி கேட்டார்கள். அவர்களையும் நிராகரிக்க வேண்டியதாயிற்று.

வண்டு மேடம் இந்த வலைக்குள் வந்து விழுந்தது கதாசிரியரால்.

வண்டு ஆராய்கிற பெண்ணைப் பற்றி ஒரு காதல் படம் எழுதுகிறேன் என்று அவர் மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், ஆய்வகத்துக்கு வந்தார். அவளுடைய வேலையைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் கேட்டார். “இதுக்குக் காது எங்க இருக்கு?” “இது செத்த மாதிரி நடிக்குதா, நெஜமாவே செத்துருச்சா?” கேட்டுவிட்டு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்வார். தன் வாயிலிருந்து வருவதை ஒருவர் எழுதிக்கொள்கிறார் என்பது அவளுக்குப் புதிது. நான்காவது வாரம் வீட்டிலிருந்து இன்னொரு கப்பைக் கொண்டுபோய் ஆய்வக மேசையில் வைத்தாள். பச்சைக் கப், கைப்பிடி உடைந்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தேநீரைக் குடித்தார்.

பிறகு படம் முடிந்தது. சான்றிதழுக்கு மூல மாதிரி ஒருவரை நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்ற விதியின்படி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. ஆபீஸ் மேலதிகாரி, “சினிமாக்காரங்க கூப்பிடறாங்கம்மா, நம்ம ஆபீஸுக்கே பெருமை” என்று ஒருநாள் விடுப்புப் போட்டுக்கொடுத்தார். அவள் போவதென்று முடிவு செய்தது பெருமைக்காக இல்லை. கதாசிரியரும் வருவார் என்று கடிதத்தில் இருந்தது.

இரண்டாவது சோதனை தாழ்வாரத்தில் நடந்தது. அவள் கையில் ஐந்து புத்தகங்களைக் கொடுத்து, நேரே நடக்கச் சொன்னார்கள்.

“கண்ணாடியைக் கொடுத்தீங்கன்னா நல்லா நடப்பேன்.”

“நல்லா நடக்கறதுக்கா சோதனை வைக்கிறோம்?”

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் வந்து மோதுவார் என்று தலைவர் விளக்கினார். வாரியத்தில் அதற்கென்று ஓர் ஆள் இருந்தார். பதவியின் பெயர் மோதுநர், இரண்டாம் நிலை. பதினொரு வருட அனுபவம். மைனஸ் பதினொன்றோடு வருடக்கணக்காக வாழ்கிறவளுக்கு, கண்ணாடி இல்லாதபோது எப்படி நடக்க வேண்டும் என்பது தெரியும். ஒரு தோளைச் சுவரோடு உரசிக்கொண்டு, காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு நடந்தாள். செருப்புச் சத்தம் வேகமாக நெருங்கியபோது, எல்லாரும் செய்வதைப்போல ஒதுங்கி வழிவிட்டாள். மோதுநர் நேராகப் போய்த் தூணில் மோதினார்.

“ஐயோ, அடிபட்டுருச்சா?”

“பரவால்லைங்க மேடம்,” என்றார் அவர் தரையிலிருந்து. “பதினோரு வருஷத்துல ஒருத்தரும் ஒதுங்கினதில்ல. அதான் பழக்கமில்ல.”

அவள் புத்தகங்களைச் சுவரோரமாக அடுக்கி வைத்துவிட்டு அவருக்குக் கைகொடுத்துத் தூக்கினாள். புத்தகம் சிதறவில்லை, நாயகனைப் பெண் தூக்கினாள் என்று இரண்டு குறைகளையும் எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவது, வாய்மொழித் தேர்வு.

“காதல்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார் தலைவர்.

அவள் பச்சைக் கப்பை நினைத்துக்கொண்டாள். “தெரியும்.”

மேசைக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன.

“எப்படித் தெரியும்? இன்னும் யாரும் சொல்லித்தரலையே?”

“அதுவா தெரிஞ்சதுங்க.”

“அம்மா, தாள்ல ‘தெரியாது’ன்னு அச்சடிச்சே வச்சிருக்கோம். நீங்க ஒரு டிக் போட்டாப் போதும். இப்படி ஆளாளுக்குத் தெரிஞ்சு வச்சிருந்தா நாயகனுக்கு என்னதான் வேலை?”

அப்போதுதான் தலைவர் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். சிற்றுண்டி வர நேரமாகும்போதெல்லாம் அவர் அதை ஆற்றுவது வழக்கம்.

“வெளியில எங்களைப் பத்தித் தப்பாப் பேசறாங்கம்மா. பெண்ணுக்கு அறிவு கூடாதுன்னு நாங்க சொல்றோமாம். சுத்தப் பொய். என் வீட்டுக்காரியே ரெண்டு பட்டம் வாங்கினவ. ரெண்டையும் ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன், எனக்கு வந்த கேடயங்களுக்கு நடுவுல. அறிவு இருக்கலாம். எவ்வளவு நேரம் இருக்கலாங்கறதுதான் பிரச்சினை. நாப்பத்தேழு நிமிஷம் கொடுத்திருக்கோம். முன்னெல்லாம் பன்னெண்டு நிமிஷந்தான். படத்துக்கு வர்றவன் உழைச்சுக் களைச்சு வர்றான். அவனுக்கு அறிவாளிப் பொண்ணுன்னா உசுரு. ஆனா அந்த அறிவு தன்னைப் பாத்ததும் கொஞ்சம் தடுமாறணும்னு ஆசைப்படறான். இது ஒரு குத்தமா? நானே அப்படித்தான். கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரி நான் பேசறதுல தப்பு இருந்தா அங்கேயே திருத்துவா. இப்பத் திருத்தறதில்ல. வாயே தொறக்கறதில்ல. எவ்வளவு அன்பு பாருங்க!”

ஆறு பேர் கைதட்டினார்கள். காலி நாற்காலி சும்மா இருந்தது.

கடைசியில் தீர்ப்பை வாசித்தார்கள். மூல மாதிரி பதினேழு இடங்களில் படத்திலிருந்து விலகியிருக்கிறது. படத்துக்குச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. மூல மாதிரி தன்னைத் திருத்திக்கொண்டு ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம்.

“ரொம்ப நன்றிங்க,” என்று அவள் எழுந்தாள். “என் கண்ணாடி?”

“கீழ கவுன்டர்ல கேளுங்க.”

கீழ்த்தளத்தில், கம்பிவலைக்குப் பின்னால், கழற்றிய கண்ணாடிகள் பிரிவு இருந்தது. படிக்கட்டில் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தது மோதுநர். நெற்றி வீங்கியிருக்கிறதா என்று அவரே அவளிடம் கேட்டார். தொட்டுப் பார்த்து, வீங்கியிருக்கிறது என்றாள். அடுத்த மோதலுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் போய்விட்டார்.

கம்பிவலைக்குப் பின்னால் சாவிக்கொத்துச் சத்தத்தோடு ஒரு குரல் இருந்தது. பொருள் காப்பாளர். மேலே கண்ணாடியைக் கையுறையோடு வாங்கிக்கொண்டவர் அவர்தான் என்று, பாரத்தை நீட்டியபோது பட்ட உறை போட்ட விரல்கள் காட்டிக்கொடுத்தன.

“பத்திரமா இருக்குங்க மேடம். சீட்டு ஒட்டி மூணாவது தட்டுல வச்சிருக்கேன். இந்தப் பாரத்துல ‘திரும்ப அணிவிப்பவர்’னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க.”

“பாக்க முடியாதுங்களே.”

“அட, ஆமா. நான் படிக்கறேன். ‘திரும்ப அணிவிப்பவர்: பெயர், கையொப்பம், பெண்ணைக் காதலிக்கத் தொடங்கிய தேதி.’ அவரு வந்து கையெழுத்துப் போட்டு, அவரு கையால மாட்டிவிட்டாருன்னா நீங்க போகலாம்.”

“யாரு?”

“காதலர்.”

“நானே மாட்டிக்கறேனே?”

“உங்களுக்கு நீங்களே மாட்டிக்கிட்டா அது எப்படிங்க கதையாகும்? விதி பத்தொம்போது.”

“இது கதை இல்லையே. என் கண்ணாடி.”

“வர்றவங்க எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க.” அவர் பெருமூச்சு விட்டார். “அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. அஞ்சுக்கு மேல நிரந்தர இருப்புல சேத்துருவோம். லென்ஸைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டு, சட்டத்தை மட்டும் படப்பிடிப்புக்கு அனுப்பிருவோம். லென்ஸ் இருந்தா லைட்டு பட்டுப் பளீர்னு அடிக்குமாம்.”

“இப்ப மணி என்ன?”

“நாலு பத்து.”

கைப்பேசியை எடுத்து, நீட்டி, தங்கையின் எண்ணைப் போட்டுத் தரும்படி கேட்டாள். அவர் போட்டுத் தந்தார்; நல்ல மனுஷர்.

“அக்கா! கழட்டினாங்களா? அழகாயிட்டியா?” என்றாள் தங்கை.

“மூக்குல பள்ளம் இருக்காம். சொல்றதைக் கேளு. கண்ணாடியைத் தரமாட்டேங்கறாங்க. காதலன் வந்து கையெழுத்துப் போடணுமாம். அஞ்சு மணிக்குள்ள.”

“நான் வந்து போடட்டா?”

அவள் காப்பாளர் பக்கம் திரும்பிக் கேட்டாள். தங்கை கையெழுத்து செல்லாது. அம்மா, டாக்டர், மேலதிகாரி, கண்ணாடிக்கடைக்காரர், யாருடையதும் செல்லாது.

“அப்ப அங்கேயே யாரையாவது பிடிச்சுக் காதலிச்சிரு,” என்றாள் தங்கை. “படத்துல எல்லாம் கழட்டின உடனே ஒருத்தன் வந்து நிப்பானே?”

“ஏழு பேர் நின்னாங்க.”

“அந்த எழுத்தாளர்? ரெண்டாவது கப்புக்காரர்?”

அவள் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள். தங்கை அன்று முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினாள். “கேளுக்கா. கேட்டா என்ன குறைஞ்சா போயிருவ? நான் உன் பழைய கண்ணாடி மேல உக்காந்திருக்கக் கூடாது. சாரி.”

பக்கத்து பெஞ்சில் யாரோ இருந்தார்கள். தாள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“நீங்கதான் வண்டு மேடமா?” என்றது ஓர் இளம் குரல். “நான் நீங்க. அதாவது படத்துல. விளம்பரத்துக்காகக் கடைசிக் காட்சியை முற்றத்துல மறுபடி எடுக்கறாங்க. உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். மாவு வண்டுக்கும் அதோட ஜோடி மாதிரியே இருக்கிற இன்னொன்னுக்கும் கொம்பு நுனியை வச்சு வித்தியாசம் சொல்லலாம்னு போட்டிருக்கு. எப்படி?”

வண்டு மேடம் குரல் வந்த பக்கம் திரும்பினாள். “எங்க போட்டிருக்கு?”

“படத்துல நான் தூக்கிட்டுத் திரியற தடிப் புஸ்தகம். நாலு மாசம் கையிலேயே இருந்துச்சா, படிச்சுட்டேன். நாப்பதாம் பக்கத்துக்கு மேல வெத்துத் தாளு மேடம். எனக்கு அழுகையே வந்துருச்சு. டைரக்டர்கிட்ட மிச்சப் பக்கம் எங்கன்னு கேட்டேன். நாப்பத்தேழாவது நிமிஷத்துக்கு மேல நீ படிக்கறதில்லையேம்மான்னார்.”

கொம்பு நுனியைப் பற்றி அவள் சொன்னாள். ஒன்றுக்கு நுனி படிப்படியாகப் பருத்துக்கொண்டே போகும். இன்னொன்றுக்குக் கடைசி மூன்று கணு மட்டும் திடீரென்று பருக்கும். நடிகை அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அந்த ஐந்து நிமிடமும் வண்டு மேடம் மணியை மறந்திருந்தாள்.

“என்னோடதை வேணா போட்டுக்கறீங்களா?” என்று நடிகை தன் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் வைத்தாள். வண்டு மேடம் தடவிப் பார்த்தாள். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் விரல் அந்தப் பக்கம் போய் வந்தது. காதோரத்தில் ஒரு பழைய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“இது யாரோடது?”

“தெரியலை. அந்த அலமாரியில இருந்து கொடுத்ததுதான். உள்ள நிறைய இருக்கு மேடம். அறுபதுக்கு மேல இருக்கும். எல்லாத்துலயும் சீட்டு. உங்களோடது மூணாவது தட்டுல ஓரத்துல.” நடிகை குரலைத் தாழ்த்தினாள். “கதையில உங்களுக்கு என்ன ஆகுது தெரியுமா? கழட்டினதும் கண்ணு நல்லாத் தெரிய ஆரம்பிச்சிருது. எப்படின்னு எழுதவே இல்லை. கேட்டேன். காதல்னாங்க.”

“வேற என்ன வருது?”

“பச்சைக் கப் ஒன்னு வருது. அவருக்காக வாங்கி வச்சிருப்பீங்க. அவர் வராத நாள்ல அதையும் எடுத்துக் கழுவித் துடைச்சு வைப்பீங்க. தியேட்டர்ல எல்லாரும் சிரிப்பாங்க பாருங்கன்னு ரைட்டர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரலை. ஏழு டேக் ஆச்சு.”

முற்றத்திலிருந்து யாரோ ஷாட் ரெடி என்று கத்தினார்கள். நடிகை பிளாஸ்திரிக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். “முடிஞ்சதும் வந்து எடுத்துத் தரேன் மேடம்,” என்ற குரல் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து கேட்டது. அவள் வரவில்லை, கடைசிக் காட்சிக்கு எத்தனை டேக் ஆகும் என்று யார் கண்டது?

வண்டு மேடம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராத நாட்களில் அந்தக் கப்பைக் கழுவி வைத்தது உண்மைதான். அடுத்த முறை வரும்போது அதில் தூசிகூட இல்லாததை அவர் பார்த்திருக்கிறார். பார்த்து, புரிந்துகொண்டு, நோட்டுப்புத்தகத்தில் எழுதியிருக்கிறார். வண்டின் காதைப் பற்றி அவள் சொன்ன ஒரு வார்த்தைகூடப் படத்தில் இல்லை.

நாலே முக்கால் இருக்கும். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வேறொரு காலடி வந்து நின்றது. வாரிய அட்டை உள்ளவர்களுக்கு அந்தப் பக்கம் போக அனுமதி உண்டு.

“நான்தான்,” என்றார் கதாசிரியர். வெளிறிய சட்டை ஒன்று கம்பிவலைக்குப் பின்னால் மிதந்தது. “எழுந்திருக்காதீங்க. அப்படியே இருங்க. உங்க கண்ணை இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பாக்கறேன்.”

“நான் உங்களைப் பாக்கலை.”

“அது இன்னும் நல்லாருக்கு,” என்றார் அவர். தாளில் பேனா உரசும் சத்தம் கேட்டது.

“எழுதறீங்களா?”

“மன்னிச்சுக்கங்க. பழக்கம்.”

“உங்களுக்கு இந்தப் பாரத்தைப் பத்தித் தெரியுமா?” என்றாள் அவள். “அதுல ஒரு கையெழுத்து வேணுமாம்.”

“தெரியும்.” அவர் கம்பிவலைக்கு நெருங்கி வந்தார். “பாருங்க, நான் உங்களை எவ்வளவு மதிக்கறேன்னு உங்களுக்கே தெரியும். உங்களை மாதிரிப் பெண்கள்னா எனக்கு எப்பவுமே ஒரு மயக்கம். புஸ்தகமும் லென்ஸுமா, தன் அழகு தனக்கே தெரியாம… நான் மூணு மாசம் அந்த ஆளைத்தான் எழுதினேன். இப்ப, இப்படி, கண்ணாடி இல்லாம, தட்டுத்தடுமாறி உக்காந்திருக்கீங்களே, அது அப்படியே நான் எழுதின மாதிரியே இருக்கு. அதை மாட்டிட்டா நீங்க மறுபடியும் வண்டு எண்ணப் போயிருவீங்க.”

“ஆமா. அதுக்குத்தான் கேக்கறேன்.”

“அதோட, தேதி வேற கேக்கறாங்க. எந்தத் தேதின்னு போடறது? பதிவாயிரும். நாளைக்கு யாராவது பாத்தா…”

காப்பாளர் இருமினார். “நாலு அம்பத்திரண்டு. நான் போய் ஸ்க்ரூ ட்ரைவர் எடுத்துட்டு வந்துடறேன் சார். சாவி இங்க மேசை மேல இருக்கு, கொஞ்சம் பாத்துக்கங்க.” சாவிக்கொத்து மரத்தின்மேல் விழுந்தது. அவருடைய காலடி படியேறிப் போனது.

முற்றத்திலிருந்து வயலின் கேட்டது. ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல், “நீ இப்படியே இரு, எனக்குப் பிடிச்சிருக்கு” என்றது. ‘கட்’ என்று யாரோ கத்த, மறுபடி அதையே சொன்னது.

வண்டு மேடம் எழுந்து, கையை முன்னால் நீட்டிக்கொண்டே போய்க் கம்பிவலையைத் தொட்டாள். கீழே தாள்களை நுழைக்கிற சின்னத் திறப்பு இருந்தது. அதற்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது. எதிரே வெளிறிய சட்டை இன்னும் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஆணியில் யாரோ மாட்டிவிட்டுப்போன துணியாகவும் இருக்கலாம். பேனாச் சத்தம் நின்றுபோயிருந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது தன்னுடையதாக இருக்கக் கூடாதே என்று நினைத்துக்கொண்டாள்.

“யாரா இருந்தாலும் சரி,” என்றாள். “காதலும் வேணாம், கையெழுத்தும் வேணாம். உங்க பேரை எங்கயும் சொல்லமாட்டேன். சாவி மேசை மேலதான் இருக்கு. மூணாவது தட்டு, ஓரத்துல, கறுப்புச் சட்டம். இடது காதுல நூல் சுத்தியிருக்கும், தடவினாலே தெரியும். அதை மட்டும் எடுத்து என் கையில வைங்க.”